அந்த அரை பேண்ட் எங்கே தொலைகிறது?

திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து ஒரு செவிலியர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

வயது 31. பிளஸ் டூ வரை தமிழ் வழி, பிறகு பி.எஸ்சி. நர்சிங். எட்டு ஆண்டுகளாகத் தனியார் மருத்துவமனையில் வேலை. பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்துகொள்ள, ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் தேர்வை இருமுறை எழுதிவிட்டார். முதல் முறை கேட்டலில் 6. நான்கு மாதங்களுக்கு முன் எழுதிய இரண்டாவது தேர்வில் வாசித்தல் 7, பேசுதல் 7, எழுதுதல் 6.5, கேட்டல் 6.5. எழுதுதலுக்கு 6.5 போதும், ஆனால் கேட்டலுக்கு 7 வேண்டும். அரை பேண்டில், அதாவது அரை மதிப்பெண்ணில், போய்விட்டது.

பயிற்சி மையத்தில் 'உங்களுக்கு வொக்கபுலரி போதாது' என்று சொல்லி, மூவாயிரம் சொற்கள் அச்சிட்ட ஸ்பைரல் புத்தகம் ஒன்றைக் கொடுத்து, நாளுக்கு ஐம்பது சொல் மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். டியூட்டி முடிந்து வந்து தினமும் மூன்று மணி நேரம் ஆங்கிலச் செய்தியும், சப்டைட்டிலுடன் படங்களும் பார்க்கிறார். பலன் தெரியவில்லை. 'முப்பது வயதுக்கு மேல் காது பழகாது, விட்டுவிடு' என்கிறார் கணவர். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடிக்கு மாறிவிடலாமா என்று ஒரு யோசனை. இதற்கிடையில் ஒரு கன்சல்டன்சிக்காரர், ஒன்றரை லட்சம் கொடுத்தால் 'வரப்போகும் கேள்விகளை' முன்கூட்டியே தருவதாகச் சொல்லி, ஒரிஜினல் சான்றிதழ்களையும் வாங்கி வைத்திருக்கிறார். வீட்டில் எழுதிப் பார்த்த மாதிரித் தேர்வு ஒன்றின் விடைத்தாளையும் கடிதத்துடன் இணைத்திருக்கிறார். என் பதிலில் பெரும்பகுதி அந்தத் தாளைப் பார்த்து எழுதியதுதான்.

அன்புச் சகோதரி,

நான்கு பகுதிகளிலும் மறுபடி முதலிலிருந்து ஒரே மூச்சில் தேவையான மதிப்பெண் எடுத்தாக வேண்டுமே என்ற பயம் உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. அந்தப் பயம் தேவையில்லை. பிரிட்டனின் செவிலியர் பதிவுக் கவுன்சிலான என்எம்சி, ஒரே தேர்வை இருமுறை எழுதி இரண்டின் மதிப்பெண்களையும் சேர்த்துக் காட்டுவதை ஏற்கிறது. 2023 பிப்ரவரியில் இந்த விதி இன்னும் தளர்ந்தது. இரு தேர்வுகளுக்கும் இடையே 12 மாதங்கள் வரை இருக்கலாம். எந்தத் தேர்விலும் எந்தப் பகுதியிலும் தேவையான மதிப்பெண்ணிலிருந்து அரை பேண்டுக்கு மேல் குறைந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். அதாவது கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் குறைந்தது 6.5, எழுதுதலில் 6.

உங்கள் முதல் தேர்வில் கேட்டல் 6 என்பதால் அது கணக்கில் வராது, அதை மறந்துவிடுங்கள். இரண்டாவது தேர்வு இந்த வரம்புக்குள் நிற்கிறது. இனி எட்டு மாதங்களுக்குள் இன்னொரு முறை எழுதி, கேட்டலில் 7 எடுத்து, மற்றவை அந்த அடிவரம்புக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். தேர்வுக் கட்டணம் கட்டுவதற்கு முன் என்எம்சி இணையதளத்தில் அன்றைய விதியை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள். நான் சொன்னேன் என்பதற்காகக்கூட பணம் கட்ட வேண்டாம். கேட்டல் ஒன்றை மட்டும் தனியாக எழுதும் வசதி கணினித் தேர்வில் இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். அந்த மதிப்பெண்ணை எல்லா அமைப்புகளும் ஏற்பதில்லை. அந்த வழியில் போவதாக இருந்தால் என்எம்சியிடம் எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகு முடிவு செய்யுங்கள்.

கேட்டல் பகுதியில் மொத்தம் 40 கேள்விகள். ஏறக்குறைய 30 சரியாக இருந்தால் 7 பேண்ட். நீங்கள் அனுப்பிய தாளில் 27 சரி. ஆகவே நாம் தேடுவது மூன்று விடைகளை. ஸ்பைரல் புத்தகத்தை மூடி வையுங்கள்.

உங்கள் 13 தவறுகள்

விடைத்தாளைத் திருத்தி, மேலே '27/40' என்று போட்டு, வட்டமிட்டு அப்படியே விட்டுவிட்டீர்கள். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். அடுத்த மாதிரித் தேர்வுக்குத் தாவிவிடுகிறார்கள். உண்மையில் படிப்பு அந்த வட்டத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஒலிப்பதிவின் எழுத்து வடிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்கள் 13 தவறுகளையும் பிரித்துப் பார்த்தேன்.

உங்களுக்கு உண்மையிலேயே தெரியாத சொல் இரண்டுதான். ஒன்று சூளையைக் குறிக்கும் 'கில்ன்', மற்றொன்று வேலிச்செடியான 'ஹெட்ஜ்'. நான்கு இடங்களில் சரியாகக் கேட்டுத் தப்பாக எழுதியிருக்கிறீர்கள். 'அக்காமடேஷன்' என்பதில் ஒரு 'எம்' போய்விட்டது. இரண்டு சொற்களில் பன்மைக்குரிய 'எஸ்' இல்லை. ஓரிடத்தில் 'ஒரு சொல் மட்டும்' என்று கேள்வித்தாளில் அச்சிட்டிருக்க, நீங்கள் இரண்டு சொற்களை எழுதியிருக்கிறீர்கள். ஐஇஎல்டிஎஸ்ஸில் எழுத்துப்பிழை இருந்தாலும், பன்மை விடுபட்டாலும், சொல் எண்ணிக்கை மீறினாலும் அந்த விடைக்கு மதிப்பெண் கிடையாது. பாதி மதிப்பெண் என்ற பேச்சே இல்லை.

நான்காவது பகுதியில் 34 முதல் 37 வரை வரிசையாக வெற்றிடம். அந்தப் பகுதி ஒரே ஆளின் விரிவுரை. நடுவில் இடைவெளி விடமாட்டார்கள். 33-ஆவது விடையைப் பிடித்தோமா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பேச்சு உங்களைத் தாண்டிப் போய்விட்டது. மீதி மூன்றும் நீங்கள் தினமும் சொல்கிற சொற்கள்தான். காதில் விழவில்லை.

இப்போது சொல்லுங்கள், இதில் வொக்கபுலரி எங்கே வருகிறது? ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாகப் புழங்கும் சுமார் மூவாயிரம் சொற்குடும்பங்களை (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) அறிந்தவருக்கு, அன்றாட உரையாடலில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சொற்கள் தெரிந்தவையாக இருக்கும் என்பது சொல்வள ஆய்வாளர்களின் கணக்கு. வாசித்தலில் 7 எடுத்த உங்களிடம் அந்தச் சொற்கள் கண் வழியாக ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டன. அவற்றைக் காதுக்கும் அறிமுகம் செய்து வைக்க வேண்டும்.

தெரிந்த சொல் ஏன் காதில் விழவில்லை

தமிழில் ஒவ்வொரு எழுத்தையும் ஏறக்குறைய முழுதாக உச்சரிக்கிறோம். ஆங்கிலம் அழுத்தம் விழுகிற அசையை மட்டும் நீட்டி, மற்றவற்றை விழுங்கிவிடும். நாம் 'வெ-ஜி-ட-பிள்' என்று நான்கு அசையை எதிர்பார்த்துக் காத்திருப்போம். அவர்கள் 'வெஜ்டபிள்' என்று மூன்றில் முடித்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார்கள். உங்கள் தாளில் காதில் விழாத மூன்றில் முதலாவது இதேதான். பிரிட்டிஷ் பேச்சில் 'வார்டு', 'நர்ஸ்' என்பவற்றில் நாம் உருட்டுகிற 'ர்' கேட்கவே கேட்காது.

இரண்டாவது, பதின்மூன்றும் முப்பதும். 'தர்ட்டீன்' என்பதில் பின்பாதி நீண்டு அழுத்தமாக வரும். 'தர்ட்டி'யில் முன்பாதிக்கு அழுத்தம், வால் குட்டை. கடைசி 'ன்' ஒலிக்காகக் காத்திருக்காதீர்கள், அது பாதி நேரம் தேய்ந்துபோகும். அழுத்தம் எங்கே விழுகிறது என்று கேளுங்கள். மூன்றாவது, 'கேன்' - 'கான்ட்'. முடியாது என்று சொல்லும்போது கடைசி 'ட்' அடுத்த சொல்லுக்குள் மறைந்துவிடும். பிரிட்டிஷ் பேச்சில் உயிரொலிதான் அடையாளம். நீண்ட 'கா' வந்தால் முடியாது. அவசரமான 'க்ன்' வந்தால் முடியும்.

இந்தச் சிக்கல் ஒரு வாக்கியத்தையே எப்படித் தலைகீழாக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். 'ஹீ ஷுட் ஹாவ் பீன் டிஸ்சார்ஜ்ட் ஆன் தர்ஸ்டே.' அவரை வியாழக்கிழமையே டிஸ்சார்ஜ் செய்திருக்க வேண்டும், செய்யவில்லை என்று பொருள். இயல்பான வேகத்தில் இது 'ஹி ஷுடப்பின் டிஸ்சாஜ்டான் தஸ்டே' என்று ஓடிவிடும். என்னிடம் வருகிறவர்களில் பலர் இதைக் கேட்டு 'ஹீ ஷுட் பீ டிஸ்சார்ஜ்ட் ஆன் தர்ஸ்டே' என்று எழுதுவார்கள். வியாழக்கிழமை டிஸ்சார்ஜ் செய்ய வேண்டும்! எல்லாச் சொல்லும் தெரிந்ததுதான். நடுவில் நசுங்கிய 'ஹாவ்' மட்டும் காதில் ஏறவில்லை. தேர்வில் ஒரு மதிப்பெண் போகும். நாளை ஒரு வார்டில் ஷிஃப்ட் மாறும்போது ஹேண்டோவர் கேட்கையில் என்னவாகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

'பிரிட்டிஷ்காரர் பேசினால்தான் புரியவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். ஐஇஎல்டிஎஸ்ஸில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து, வட அமெரிக்க உச்சரிப்புகளும் வரும். ஆஸ்திரேலியர் சிலர் பெயருக்கு எழுத்துக்கூட்டும்போது 'ஏ' என்பது நம் காதுக்கு 'ஐ' போலவே கேட்கும். ஆகவே ஒரே ஆசிரியரின் குரலிலோ ஒரே சேனலிலோ பழகினால் போதாது.

கணவருக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஜப்பானியர்களுக்கு ஆங்கிலத்தின் 'ர', 'ல' ஒலிகளைப் பிரித்துக் கேட்பது மிகவும் கடினம். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வயதுவந்த ஜப்பானியர்களுக்குப் பலருடைய குரல்களில் அந்தச் சொற்களைத் திரும்பத் திரும்பக் கேட்கவைத்து, தவறும் சரியும் உடனுக்குடன் சொல்லிப் பயிற்சி கொடுத்தார்கள். சில வாரங்களில் முன்னேற்றம் தெரிந்தது. 1991-இல் வெளியான ஆய்வு இது. முப்பது வயதில் காது மூடிக்கொள்வதில்லை. எட்டு வருடமாக டாக்டர்களின் கையெழுத்தைப் படித்து மருந்து கொடுத்துவருகிறவருக்கு இது முடியாதா என்று அவரைக் கேளுங்கள்.

மூன்று மணி நேரம் வேண்டாம்

சப்டைட்டிலுடன் படம் பார்க்கும்போது உங்கள் கண் படித்துவிடுகிறது, காது ஓய்வெடுக்கிறது. அது வாசிப்புப் பயிற்சி. செய்தி பின்னணியில் ஓடிக்கொண்டிருப்பதாலும் அதிகம் ஆகப்போவதில்லை. எது புரிந்தது, எது நழுவியது என்று உங்களுக்கே தெரியாமல் நேரம் போகும். நைட் டியூட்டி முடித்து வந்த உடம்புக்கு இந்தத் தண்டனை வேண்டாம்.

அதற்குப் பதில் நாற்பது நிமிடம். முப்பது வினாடி ஒலித்துண்டு ஒன்றை எடுங்கள். ஒருமுறை நிறுத்தாமல் கேளுங்கள். பிறகு துண்டு துண்டாக நிறுத்தி, காதில் விழுந்ததை வார்த்தை விடாமல் எழுதுங்கள். புரியாத இடத்தில் கோடு போட்டு, ஒலி எப்படிக் கேட்டதோ அதைத் தமிழிலேயே எழுதிவையுங்கள். 'ஷுடப்பின்' என்றே எழுதுங்கள், வெட்கமில்லை. மூன்று முறை கேட்ட பிறகு எழுத்து வடிவத்துடன் ஒப்பிடுங்கள். எங்கெல்லாம் வேறுபடுகிறதோ அந்த ஒரு நொடியை மட்டும் மறுபடி மறுபடி கேட்டு, அதே வேகத்தில், அதே விழுங்கலோடு வாய்விட்டுச் சொல்லுங்கள். வாய் சொல்லிவிட்டால் காது அதை அடுத்த முறை பிடித்துக்கொள்ளும். முதல் வாரம் முப்பது வினாடிக்கே நாற்பது நிமிடம் போதாது. அலுப்பாகத்தான் இருக்கும்.

இதற்கு எழுத்து வடிவம் கூடவே கிடைக்கும் ஒலிகள் வேண்டும். பிபிசியின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' நிகழ்ச்சியின் ஒவ்வொரு பகுதிக்கும் உரை கிடைக்கிறது. பிரிட்டிஷ் கவுன்சிலின் ஆங்கிலம் கற்கும் தளத்திலும் அப்படியே. இரண்டும் இலவசம். கேம்பிரிட்ஜ் வெளியிடும் ஐஇஎல்டிஎஸ் மாதிரித் தேர்வுத் தொகுப்புகளை வீணடிக்காதீர்கள். வாரத்துக்கு ஒரு முழுத் தேர்வு, தேர்வறையில் இருப்பதுபோல ஒரே முறை கேட்டு எழுதுங்கள். வாரத்தின் மீதி நாட்களில் அதே தேர்வின் தவறுகளை டிக்டேஷனாகப் போடுங்கள்.

நான்காவது பகுதிக்குத் தனியாக ஒன்று. விரிவுரை தொடங்குவதற்கு முன் கிடைக்கும் நேரத்தில் பத்துக் கேள்விகளையும் ஓடிப் பார்த்து, ஒவ்வொன்றிலும் எது வரவேண்டும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்: ஒரு பொருளா, ஓர் எண்ணா, பன்மையா? பன்மைப் பிழையில் பாதி இங்கேயே நின்றுவிடும். கேட்கும்போது கண் எப்போதும் இரண்டு கேள்விகளின் மேல் இருக்க வேண்டும். பேசுகிறவர் 'மூவிங் ஆன் டு', 'டர்னிங் நௌ டு' என்றால் தலைப்பு மாறுகிறது. அந்த இடத்தில் எழுதாத விடையை விட்டுவிட்டு அடுத்ததற்கு வந்துவிடுங்கள். ஒன்றை இழப்பது பரவாயில்லை; நீங்கள் நான்கை இழந்தீர்கள்.

சொல் நோட்டு

சொல்வளம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைச் சேர்க்கும் வழி வேறு. உங்கள் மையத்துப் பட்டியலில் 'யுபிக்விடஸ்', 'அமிலியோரேட்' என்றெல்லாம் இருக்கிறது. கேட்டல் தேர்வில் விடையாக எழுத வேண்டியவை பெரும்பாலும் குடை, தோல், சமையலறை, வியாழக்கிழமை போன்ற சாதாரணச் சொற்கள். கடினம் எங்கே என்றால், கேள்வித்தாளில் 'கட்டணம் இல்லை' என்று இருக்கும். பேசுகிறவர் 'ஒரு பைசா தரவேண்டாம்' என்ற பொருளில் வேறு எதையோ சொல்வார். செவ்வாய்க்கிழமை என்று சொல்லிவிட்டு, 'அன்று இடமில்லை, வியாழனுக்கு வையுங்கள்' என்று மாற்றுவார். முதலில் கேட்டதை எழுதியவர் அகப்பட்டுக்கொள்வார்.

ஆகவே உங்கள் நோட்டில் ஒற்றைச் சொல்லும் தமிழ் அர்த்தமும் எழுதாதீர்கள். கேள்வித்தாளில் எப்படி இருந்தது, ஒலிப்பதிவில் அதையே எப்படிச் சொன்னார்கள் என்று இரண்டையும் ஜோடியாக எழுதுங்கள். நாளுக்கு ஐந்து ஜோடி போதும். மறுநாள், மூன்றாம் நாள், அடுத்த வாரம் என்று திரும்பிப் பாருங்கள். கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு அகராதிகளின் தளங்களில் பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு இரண்டும் ஒலியாகக் கிடைக்கும். அர்த்தத்தைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பொத்தானை அழுத்துங்கள். கூடவே நம் ஊரில் அதிகம் புழங்காத பிரிட்டிஷ் வாழ்க்கைச் சொற்கள் சில: இரண்டு வாரத்தைக் குறிக்கும் 'ஃபோர்ட்நைட்', வாடகைக்குக் குடியிருக்கும் 'டெனன்ட்', பல்கலைக்கழகத்தின் 'மாட்யூல்', 'டியூட்டர்', 'டிஸர்டேஷன்'. முதல் மூன்று பகுதிகளில் இவை அடிக்கடி வரும்.

பட்டியல் இல்லாமல் மனம் ஒப்பவில்லை என்றால், நியூசிலாந்தின் வெலிங்டனில் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட 570 சொற்குடும்பங்களின் கல்விச் சொற்பட்டியலைப் பாருங்கள். அது எழுத்து நூல்களிலிருந்து தொகுத்தது. வாசித்தலும் எழுதுதலும் கீழே இறங்காமல் காக்க உதவும்.

ஓஇடிக்கு மாறலாமா?

இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. ஓஇடி மருத்துவத் துறையினருக்கான தேர்வு. அதன் கேட்டல் பகுதியில் 42 கேள்விகள். அவற்றில் 24 நோயாளியின் உரையாடலைக் கேட்டுக் குறிப்பெடுப்பவை. அங்கே அர்த்தம் தெளிவாக இருந்தால் எழுத்துப்பிழையைப் பொறுத்துக்கொள்கிறார்கள். உங்களுக்கு இது சாதகம், மறுக்கவில்லை. ஆனால் மருத்துவச் சொற்கள் தெரிந்திருப்பதால் எளிது என்று நினைப்பது தவறு. அங்கும் ஒரே முறைதான் கேட்க முடியும். கடைசிப் பகுதியில் பேசுகிறவரின் கருத்தையும் நோக்கத்தையும் ஊகிக்க வேண்டும். கடிதம் எழுதும் பகுதிக்குத் தனிப் பயிற்சி தேவை. கட்டணமும் ஐஇஎல்டிஎஸ்ஸைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண்ணை ஓஇடி மதிப்பெண்ணுடன் சேர்த்துக் காட்ட இயலாது. கையில் இருக்கும் மூன்று நல்ல மதிப்பெண்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவீர்கள். இந்த எட்டு மாதங்களில் ஐஇஎல்டிஎஸ் கைகூடவில்லை என்றால் அப்போது ஓஇடியை யோசிக்கலாம். காதுக்குச் செய்த பயிற்சி அதற்கும் உதவும்.

அந்தக் கன்சல்டன்சி

இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம். பணம் கொடுக்காதீர்கள். கேள்விகள் பொய்யாக இருந்தால் ஒன்றரை லட்சம் போகும். மெய்யாக இருந்தால் அதைவிட மோசம். முடிவு வந்த பிறகும் முறைகேடு தெரியவந்தால் மதிப்பெண்ணை ரத்து செய்யத் தேர்வு நடத்துகிறவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. 2023-இல் நைஜீரியாவின் இபாதான் நகரில், செவிலியர் பதிவுக்காக என்எம்சி வைக்கும் கணினித் தேர்வு நடந்த ஒரு மையத்தில் மோசடி வெளியானபோது, ஏற்கெனவே பதிவு பெற்றுப் பிரிட்டனில் வேலையில் இருந்தவர்களும் விசாரணையில் சிக்கினார்கள். நேர்மை குறித்த கேள்வி எழுந்தால் செவிலியர் பதிவே கைவிட்டுப் போகும்.

பிரிட்டன் அரசின் நெறிமுறைப்படி, சுகாதாரத் துறைக்கு ஆள் எடுப்பவர்கள் வேலை தேடுகிறவரிடம் ஆள்சேர்ப்புக் கட்டணம் வாங்கக் கூடாது. அதை ஏற்றுக்கொண்ட நிறுவனங்களின் பட்டியலை, பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையில் வேலை தருவோருக்கான அமைப்பான என்எச்எஸ் எம்ப்ளாயர்ஸ் வெளியிடுகிறது. இங்கே 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற முகவர்தானா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இயங்குகிறது, அங்கேயும் விசாரியுங்கள்.

சான்றிதழ்களை இந்த வாரமே திருப்பி வாங்கிவிடுங்கள். ஐஇஎல்டிஎஸ் எழுத பாஸ்போர்ட் போதும்; கல்விச் சான்றிதழின் ஒரிஜினலை யாரிடமும் ஒப்படைக்க வேண்டியதில்லை. முதலில் வாட்ஸ்அப்பிலோ பதிவுத் தபாலிலோ, இன்னின்ன சான்றிதழ்களை இந்தத் தேதிக்குள் திருப்பித் தர வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். பேச்சில் கேட்டால் பேச்சிலேயே இழுத்தடிப்பார்கள். தர மறுத்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். பெரும்பாலும் புகார் என்ற சொல்லைக் கேட்டதுமே கோப்பு வெளியே வந்துவிடும்.

தேர்வுத் தேதியை இன்றே பதிவு செய்ய வேண்டாம். இரண்டு மாதம் டிக்டேஷன் போடுங்கள். அதன்பின் தொடர்ந்து மூன்று முழு மாதிரித் தேர்வுகளில் 32 அல்லது அதற்கு மேல் வரட்டும். தேர்வறையின் பதற்றத்துக்கு இரண்டு விடைகளை விட்டுக்கொடுத்தாலும் 30 நிற்கும். பதிவு செய்யும்போது கணினித் தேர்வா, காகிதத் தேர்வா என்பதையும் யோசியுங்கள். காகிதத்தில் விடைகளைத் தாளுக்கு மாற்ற 10 நிமிடம் கிடைக்கும். கணினியில் சரிபார்க்க 2 நிமிடம்தான். எழுத்துக்கூட்டலில் தடுமாறுகிற உங்களுக்குக் காகிதத் தேர்வு கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் இப்போதிருந்தே கணினியில் தட்டச்சு செய்து பழகுங்கள். முதல் இரண்டு வாரத்து நோட்டுப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புங்கள். 'ஷுடப்பின்' போன்றவற்றை அடிக்காமல், அழிக்காமல் அப்படியே அனுப்புங்கள். எந்த ஒலியில் வழுக்குகிறீர்கள் என்று பார்த்துச் சொல்கிறேன்.